94 மாடி, 1632 படி

அப்பா பஞ்சாலையில் வேலை பார்த்தவர். கடைசிக் காலத்தில் வீட்டு மாடிக்கு ஏறும்போதே பாதியில் உட்கார்ந்துவிடுவார். நுரையீரல் நலத்துக்கு நிதி திரட்ட சிகாகோவில் ஆண்டுதோறும் நடக்கும் 'ஹஸில் சிகாகோ' படியேற்றத்துக்கு அவரை நினைத்துத்தான் பெயர் கொடுத்தேன்.

ஏற வேண்டியது 1969-இல் கட்டி முடித்த ஜான் ஹான்காக் சென்டர். 2018-இல் அந்தப் பெயரை எடுத்துவிட்டார்கள். இப்போது 875 நார்த் மிச்சிகன் அவென்யூ என்ற முகவரிதான் பெயர். கீழே கடைகள், கார் நிறுத்தம், அப்புறம் அலுவலகங்கள், 44-ஆம் மாடிக்கு மேல் வீடுகள். மொத்தம் 100 மாடி. நாங்கள் ஏறுவது 94 வரை.

மூன்று மாதம் எங்கள் குடியிருப்பின் 12 மாடிகளில் பழகினேன். ஏறுவது மட்டும்தான், இறங்க லிப்ட். இறங்கும்போதுதான் முட்டி அடி வாங்குகிறது.

அன்றைக்கு முதல் பத்து மாடியை வேகமாக ஏறியது தவறு. ஜன்னல் இல்லாத படிக்கட்டு, காய்ந்த காற்று. இருபதைத் தாண்டுவதற்குள் தொண்டை வறண்டுவிட்டது. அதன்பின் கைப்பிடியைப் பிடித்து உடம்பை இழுத்து, ஒவ்வொரு படியாக ஏறினேன்.

42-ஆம் மாடிதான் என்னைக் காப்பாற்றியது. பாதித் தூரம் ஏறுபவர்கள் அங்கிருந்துதான் தொடங்குவார்கள். அவர்களுக்கு 52 மாடி இருந்தாலும் படிகள் 816தான், சரிபாதி! வீடுகள் உள்ள தளங்களுக்கு அலுவலகத் தளங்களைவிட உயரம் குறைவு, அதனால் மாடிக்கு மாடி படியும் குறைவு. திருப்பங்கள் சீக்கிரம் வந்தன. கால் அதை உடனே கண்டுகொண்டது.

கட்டடம் மேலே போகப்போகக் குறுகுவதும் இதே கணக்குத்தான்: அலுவலகத்துக்கு அகலமான தளம், வீட்டுக்குச் சிறியது. டாக்காவில் பிறந்த பொறியாளர் ஃபஸ்லுர் ரஹ்மான் கான், கட்டடக் கலைஞர் புரூஸ் கிரஹாமுடன் சேர்ந்து செய்தது. காற்றின் தள்ளலைத் தாங்க வெளியே X வடிவில் பெரிய எஃகுச் சட்டங்கள். எனக்கு அந்த மனிதர்மேல் பெரிய மரியாதை.

34 நிமிடத்தில் 94-ஐத் தொட்டேன். கதவைத் திறந்தால் மிச்சிகன் ஏரி. அழுதுவிட்டேன்.

இரவெல்லாம் இருமல். படிக்கட்டின் வறண்ட காற்றால் வருவது, இரண்டு நாளில் போய்விடும் என்று கூட ஏறியவர்கள் சொன்னார்கள். போனில் அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம், "அப்பா மாதிரியே இருமுறேடா" என்றாள்.