மலிவான ஹோஸ்டிங்: ரீஸ்டோர் செய்து பார்த்துத் தேர்ந்தெடுத்த விதம்

ஹோஸ்டிங்கை, அதாவது தளத்தை வைத்திருக்கும் வாடகைச் சர்வரை, மாற்ற வேண்டியிருந்தது ஒரு தமிழ் வேர்ட்பிரஸ் தளத்துக்கு. சுமார் 4,000 பதிவுகள், 6 ஜிபி படங்கள், 350 எம்பி டேட்டாபேஸ். செலவு வருடத்துக்கு 6,000 ரூபாயைத் தாண்டக்கூடாது. பேக்கப் தினமும் ஓட வேண்டும், அதிலிருந்து தளம் திரும்ப எழுந்து வருவதை, அதாவது ரீஸ்டோரை, பணம் கட்டிய முதல் மாதத்திலேயே கண்ணால் பார்த்துவிட வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையை வைத்ததும் பட்டியலில் இருந்த நிறுவனங்களில் பாதி தானாகவே கழன்றுகொண்டன. அதனால் மற்றதையெல்லாம் விட அதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் விலை. விளம்பரத்தில் மாதம் 99 ரூபாய் என்று இருக்கும். அது 48 மாதத்துக்கு மொத்தமாகக் கட்டினால்தான். 99-ஐ 48-ஆல் பெருக்கினால் 4,752, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்து 5,607 ரூபாய். அதே பிளானின் ரினீவல் விலை மாதம் 399 என்று சின்ன எழுத்தில் இருந்தால், ஐந்தாவது வருடம் ஒன்றுக்கு மட்டும் ஜிஎஸ்டியோடு 5,650 ரூபாய் வரும். முதல் நான்கு வருடத்துக்குக் கட்டியதை அந்த ஒரு வருடத்துக்கே கட்ட வேண்டும். எனவே நிறுவனங்களை ஒப்பிடும்போது ரினீவல் விலையை மட்டும் ஒரு தாளில் எழுதி ஒப்பிடுங்கள். முதல் தடவை எவ்வளவு நீளத்துக்கு வாங்குவது என்பது அதற்குப் பிறகு யோசிக்க வேண்டிய விஷயம்.

டொமைனை, அதாவது தளத்தின் முகவரிப் பெயரை, ஹோஸ்டிங்கோடு இலவசமாகத் தருவார்கள். வாங்காதீர்கள். டொமைன் வேறொரு பதிவாளரிடம் இருந்தால்தான், ஹோஸ்டிங் நிறுவனத்தோடு தகராறு வந்தாலும் ஒரு மணி நேரத்தில் தளத்தை வேறு இடத்துக்குத் திருப்ப முடியும்.

அடுத்து 'அன்லிமிடெட்' என்ற சொல். இடம் அன்லிமிடெட் என்றால் கோப்புகளின் எண்ணிக்கைக்கு வரம்பு இருக்கும், அதற்கு ஐநோட் என்று பெயர். வேர்ட்பிரஸில் ஒரு படம் ஏற்றினால் வெவ்வேறு அளவுகளில் ஏழெட்டுக் கோப்புகளாகப் பிரியும். 15,000 படம் உள்ள தளம் அப்படியே லட்சத்தைத் தாண்டிவிடும். சில நிறுவனங்களின் விதிமுறையில், இத்தனை கோப்புக்கு மேலோ இத்தனை ஜிபிக்கு மேலோ போன கணக்கு தானியங்கி பேக்கப்பில் சேராது என்று ஒரு வரி இருக்கும். வரம்பைத் தாண்டினாலும் தளம் வழக்கம்போல ஓடும், பேக்கப் மட்டும் சத்தமில்லாமல் நின்றிருக்கும். விதிமுறைப் பக்கத்தைத் திறந்து 'பேக்கப்' என்ற சொல்லைத் தேடி, அது வரும் ஒவ்வொரு வரியையும் படியுங்கள். பத்து நிமிட வேலைதான்.

படித்த பிறகு நிறுவனத்தின் சாட்டில் கேட்க வேண்டியவை சில. பேக்கப் எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை, எத்தனை நாள் வைத்திருக்கிறீர்கள்? அது எந்தச் சர்வரில், எந்த ஊரில் இருக்கிறது? டேட்டாபேஸை மட்டும், அல்லது ஒரே ஒரு கோப்பை மட்டும் நானே ரீஸ்டோர் செய்யலாமா? ரீஸ்டோருக்குத் தனிக் கட்டணம் உண்டா? முழு பேக்கப்பை நான் டவுன்லோடு செய்துகொள்ளலாமா? சர்வருக்குள் நுழைந்து கட்டளைகள் கொடுக்கும் எஸ்எஸ்ஹெச் வசதி உண்டா? பதில்களை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் சிபேனல் பக்கத்தில் ஜெட்பேக்கப் என்ற பகுதி இருந்தால் பெரும்பாலும் நாமே தேதி பார்த்து ரீஸ்டோர் செய்துகொள்ளலாம். 'டிக்கெட் போடுங்கள், நாங்கள் பார்த்துச் செய்கிறோம்' என்று மட்டும் சொல்கிற இடத்தில், தளம் விழுந்த ஞாயிற்றுக்கிழமை இரவு நீங்கள் வரிசையில் காத்திருக்க வேண்டும்.

எந்த ஊர் என்று கேட்கக் காரணம் இருக்கிறது. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச்கிளவுட் நிறுவனத்தின் தரவு மையம் தீப்பிடித்து, எஸ்பிஜி2 என்ற கட்டடம் முழுதாக எரிந்துபோனது. பேக்கப்புக்கென்று பணம் கட்டியிருந்தவர்களிலும் சிலருக்கு எதுவும் மிஞ்சவில்லை, ஏனென்றால் அந்த நகலும் அதே கட்டடத்தில்தான் இருந்தது. இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டு வென்றவர்கள் உண்டு, ஆனால் எரிந்துபோன தரவை எந்தத் தீர்ப்பும் கொண்டுவந்து தராது.

எத்தனை நாள் என்ற கேள்வியும் அதே அளவு முக்கியம். ஹேக் ஆன தளத்தில் மால்வேர் பெரும்பாலும் சில வாரங்கள் வெளியே தெரியாமல் கிடக்கும். ஏழு நாள் பேக்கப் மட்டும் இருந்தால், நீங்கள் கண்டுபிடிக்கும் நாளில் ஏழு நகலிலும் அது இருக்கும். தினசரி 7, வாராந்திரம் 4, மாதாந்திரம் 3 என்ற வரிசை சின்னத் தளத்துக்கு நன்றாகப் போதும். மலிவு ஹோஸ்டிங்கில் இது முழுதாகக் கிடைக்காது, மிச்சத்தை நாமே வைத்துக்கொள்ள வேண்டும்.

வாங்கும்போது 30 நாள் பணம் திருப்பும் உறுதி உள்ள பிளானை எடுங்கள். அந்த 30 நாள்தான் சோதனைக் காலம். வாங்கிய அன்றே தளத்தின் ஒரு நகலைச் சப்டொமைனில் (டொமைனின் கீழ் ஒரு துணை முகவரி) ஏற்றிவிடுங்கள். நான்கைந்து நாள் அவர்களின் பேக்கப் ஓடட்டும். பிறகு வேண்டுமென்றே கெடுங்கள்: அப்லோட்ஸ் ஃபோல்டரில் ஒரு மாதத்துப் படங்களை அழியுங்கள், டேட்டாபேஸில் பதிவுகள் இருக்கும் டேபிளை முழுதாக நீக்குங்கள். இப்போது ரீஸ்டோர் பொத்தானை அழுத்தி, கடிகாரத்தைப் பாருங்கள். 6 ஜிபி தளம் அரை மணியில் வந்தால் நல்லது. வரிசையில் நின்று ஆறு மணி நேரம் ஆனால், அதுதான் அந்த நிறுவனத்தின் உண்மையான நிலவரம், வேறு இடம் பாருங்கள்.

வந்துவிட்டது என்று முகப்பை மட்டும் பார்த்து நிறுத்திவிடக்கூடாது. அழிப்பதற்கு முன் பதிவுகள் டேபிளில் எத்தனை வரிசை என்று குறித்து வைத்திருந்து, இப்போது மறுபடி எண்ணுங்கள். கடைசிப் பதிவையும், ஐந்து வருடத்துக்கு முந்தைய ஒரு பதிவையும் படங்களோடு திறந்து பாருங்கள். உள்ளே நுழைந்து ஒரு பதிவைச் சேமித்துப் பாருங்கள். முகவரிகளுக்கான விதிகள் இருக்கும் எச்டிஆக்சஸ் கோப்பு வந்திருக்கிறதா என்று பாருங்கள். பெயர் புள்ளியில் தொடங்குவதால் ஃபைல் மேனேஜரில் அது மறைந்திருக்கும், கையால் நகல் எடுக்கிறவர்கள் அதிகம் தவறவிடுவதும் அதைத்தான். அது இல்லாவிட்டால் முகப்பு திறக்கும், உள்ளே எந்தப் பதிவைத் தொட்டாலும் 404, அதாவது பக்கம் இல்லை என்ற பிழை.

தமிழ்த் தளத்துக்கென்று தனியாக மூன்று இடத்தில் அடி விழும். ஒன்று, எழுத்துக் குறியேற்றம். எடுக்கும்போதோ ஏற்றும்போதோ டேட்டாபேஸ் இணைப்பு லத்தீன்1 (ஐரோப்பிய எழுத்துகளுக்கான பழைய குறியேற்றம்) என்று இருந்துவிட்டால், பதிவு முழுக்க, தலையில் கோடு போட்ட ஆங்கில ஏ, அதன் பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர், பிறகு ஏதோ ஒரு குறி என்று மும்மூன்றாக வரிசை கட்டி நிற்கும். யூனிகோடைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். அந்த மூன்றையும் தனித்தனி எழுத்தாகப் படித்ததால் வந்த வினை அது. இந்த நிலையில் பெரும்பாலும் மீட்டுவிடலாம். வெறும் கேள்விக்குறிகளாக மாறியிருந்தால் அந்த நகல் போனது போனதுதான், திரும்பாது. இரண்டு பக்கமும் யுடிஎஃப்8எம்பி4 (டேட்டாபேஸில் யுடிஎஃப்-8-இன் பெயர்) என்று சொல்லியே எடுங்கள், ஏற்றுங்கள்.

இரண்டு, கோப்புப் பெயர். 'கொடி' என்று தமிழிலேயே பெயர் வைத்து ஏற்றிய படங்கள் இருக்கும். யூனிகோடில் 'கொ'வின் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலும் எனப் பிரித்து இரண்டு குறியாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசம் தெரியாது, லினக்ஸ் சர்வருக்கோ அவை இரண்டும் வெவ்வேறு கோப்பு. பழைய மேக் கோப்பமைப்பு பெயரைப் பிரித்தே வைக்கும். அப்படி ஒரு மேக்கில் இறக்கி, அங்கிருந்து புதிய சர்வருக்கு ஏற்றினால் கோப்பு இருந்தும் படம் வராது. சர்வரிலிருந்து சர்வருக்கு நேராக அனுப்புங்கள், அல்லது டார் என்ற ஒரே கோப்பாகக் கட்டி, நடுவில் எங்கும் பிரிக்காமல் கொண்டுபோய்ச் சேருங்கள்.

மூன்றாவது, முகவரி. தமிழ்த் தலைப்பு முகவரியாகும்போது ஒவ்வொரு குறியும் சதவீதக் குறிகளோடு ஒன்பது எழுத்தாக நீளும். வேர்ட்பிரஸ் அதற்கு ஒதுக்கும் இடம் 200 எழுத்து, ஆகவே 22 குறிகளுக்கு மேல் நிற்காது, நீளத் தலைப்புகள் நடுவில் வெட்டுப்பட்டிருக்கும். வெட்டுப்பட்டபடியே பல வருடமாகக் கூகுளில் ஏறியிருக்கும் முகவரிகள் அவை. புது இடத்தில் அவை அப்படியே திறக்கின்றனவா என்று குறைந்தது பத்தை எடுத்துச் சோதியுங்கள்.

பெரிய டேட்டாபேஸை, பிரவுசரில் திறக்கும் பிஎச்பிமைஅட்மின் வழியாக ஏற்ற முயன்றால் பாதியில் நிற்கும். அப்லோடு வரம்பு, பிஎச்பி ஓடும் நேர வரம்பு இரண்டும் அங்கே உண்டு. மோசம் என்னவென்றால், பாதி டேபிள்களோடு தளம் ஓரளவு திறக்கவும் செய்யும். எஸ்எஸ்ஹெச் கேட்டதன் காரணம் இதுதான். அதன் வழியாக டேட்டாபேஸின் நகலை (டம்ப்) எடுக்கும்போது சிங்கிள்-ட்ரான்ஸாக்ஷன் என்ற விருப்பத்தைச் சேருங்கள். இன்னோடிபி வகை டேபிள்கள் பூட்டப்படாமல், ஒரே கணத்தின் நிலை அப்படியே கிடைக்கும்.

இனி நம் கையில் இருக்க வேண்டிய நகல். ஹோஸ்டிங் நிறுவனத்தின் பேக்கப் எவ்வளவு நன்றாக இருந்தாலும், கணக்கு முடக்கப்பட்டால் அதுவும் சேர்ந்தே பூட்டிக்கொள்ளும். எஸ்எஸ்ஹெச் இல்லாத பிளானில் அப்டிராஃப்ட்ப்ளஸ் என்ற பேக்கப் பிளக்-இன் போட்டு கூகுள் டிரைவுக்கு அனுப்பலாம், இலவசப் பதிப்பே போதும். கூகுள் கணக்கின் 15 ஜிபி மெயிலோடும் போட்டோவோடும் சேர்த்துத்தான் என்பதால் தளத்துக்கென்று தனிக் கணக்கு வையுங்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு: வேர்ட்பிரஸின் உள் கடிகாரம் யாராவது தளத்துக்கு வந்தால்தான் ஓடும். ஆள் வராத தளத்தில் இரவு 2 மணி பேக்கப் காலை 9 மணிக்கு ஓடும், அல்லது ஓடாமலே போகும். டபிள்யூபி-கான்ஃபிக் கோப்பில் அந்தக் கடிகாரத்தை நிறுத்திவிட்டு, சிபேனலின் க்ரானில் (நேரம் வைத்து வேலைகளை ஓட்டும் பகுதி) 15 நிமிடத்துக்கு ஒருமுறை அழைக்கச் சொல்லுங்கள்.

எஸ்எஸ்ஹெச் இருந்தால் ரெஸ்டிக் என்ற பேக்கப் கருவி இதைவிடப் பல மடங்கு நல்லது. கருவியே ஒரே ஒரு கோப்புதான், ரூட் (சர்வரின் முழு அதிகாரம்) அனுமதி வேண்டாம், சின்னத் தளத்துக்கு ஷேர்டு ஹோஸ்டிங்கிலேயே ஓடும். மாறிய பகுதிகளை மட்டுமே அனுப்புவதால் 14 நகல் வைத்தாலும் மொத்தம் 84 ஜிபி ஆகாது, 6 ஜிபிக்குச் சற்று மேலேதான் நிற்கும். டேட்டாபேஸ் டம்பை ஜிஜிப் செய்து சுருக்காமல் அப்படியே கொடுங்கள். ஜிப் செய்தால் ஒரு வரி மாறினாலும் அதற்குப் பிறகு உள்ளதெல்லாம் மாறிப்போய், தினமும் முழுதாக அனுப்ப வேண்டிவரும். சேமிக்க பேக்பிளேஸ் பி2 என்ற கிளவுட் சேமிப்பிடத்தை எடுத்தால் முதல் 10 ஜிபி இலவசம், அதற்கு மேல் அளவுக்கு ஏற்ப மாதக் கட்டணம். இந்தத் தளத்துக்குச் செலவு ஏதும் இல்லை. ரெஸ்டிக்கின் கடவுச்சொல்லை மட்டும் சர்வருக்கு வெளியே, காகிதத்திலாவது எழுதி வையுங்கள். அது தொலைந்தால் யாராலும் திறக்க முடியாது.

பி2-ஐத் திறக்கச் சர்வரில் வைக்கும் சாவிக்கு நிரந்தரமாக அழிக்கும் அனுமதி கொடுக்காதீர்கள். தளத்துக்குள் புகுந்தவன் அந்தச் சாவியையும் பார்ப்பான். பி2-இல் அழிக்கும் உரிமை இல்லாத சாவியை உருவாக்கி, பழைய பதிப்புகளை 30 நாள் வைத்திருக்கும்படி பக்கெட்டில் (பி2-இல் கோப்புகள் இருக்கும் இடம்) விதி போட்டால், அவனால் கோப்பை மறைக்கத்தான் முடியும். பழையவற்றைக் கழிக்கும் வேலையை வீட்டுக் கணினியிலிருந்து, வேறு சாவியோடு செய்யுங்கள். இன்னொன்று: ஜிப் செய்த பேக்கப்பை, இணையத்துக்குத் திறந்திருக்கும் பப்ளிக்-எச்டிஎம்எல் ஃபோல்டரில் விட்டுவைப்பது பலர் செய்யும் ஆபத்தான காரியம். பெயரை ஊகித்து யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம், உள்ளே டேட்டாபேஸ் கடவுச்சொல்லும் இருக்கும்.

பேக்கப் தோற்றால் மெயில் வரும் என்று நம்பி இருக்க வேண்டாம். 2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் நிரல்களைச் சேமித்துவைக்கும் தளத்தை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் தவறான சர்வரில் டேட்டாபேஸ் ஃபோல்டரை அழித்துவிட்டார். அவர்களிடம் பல வகை பேக்கப் ஏற்பாடுகள் இருந்தன. டம்ப் எடுக்கும் கருவி 9.2 பதிப்பு, டேட்டாபேஸ் 9.6. ஒவ்வொரு முறையும் பிழை காட்டி நின்றிருக்கிறது, சேமிப்பகம் காலியாகவே இருந்திருக்கிறது. அதைச் சொல்ல வேண்டிய மெயில்களையோ மெயில் சர்வர் திருப்பியடித்துக்கொண்டிருந்தது. வேறொரு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு எடுத்திருந்த ஸ்னாப்ஷாட்தான் (அந்தக் கணத்தின் நகல்) காப்பாற்றியது. எனவே மெயில் வராததை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். திங்கட்கிழமைதோறும் கடைசி நகலின் தேதியையும் அளவையும் கண்ணால் பாருங்கள். 350 எம்பி டம்ப் திடீரென்று 4 கேபி ஆனால் உள்ளே இருப்பது ஒரு பிழைச் செய்தி.

சோதனையில் தேறிய பிறகுதான் டொமைனைத் திருப்ப வேண்டும். இரண்டு நாள் முன்பே, டொமைனைச் சர்வரோடு இணைக்கும் டிஎன்எஸ்ஸில் டிடிஎல்லை (பழைய பதில் நினைவில் இருக்கும் நேரம்) 300 விநாடியாகக் குறையுங்கள். நேம்சர்வரை (டிஎன்எஸ் பதிவுகளை வைத்திருக்கும் சர்வர்) மாற்றாமல், தளத்தின் ஐபி எண்ணைச் சொல்லும் ஏ ரெக்கார்டை மட்டும் மாற்றுங்கள். நேம்சர்வரை மாற்றினால், மெயில் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவுகள் விட்டுப்போய், தளம் நன்றாக ஓடும்போதே மெயில் நின்றுவிடும், இரண்டு நாள் கழித்து யாராவது போன் செய்த பிறகுதான் தெரியவரும். மாற்றுவதற்கு முன் உங்கள் கணினியின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் புது ஐபியை எழுதி, உண்மையான டொமைன் பெயரிலேயே தளத்தைத் திறந்து பாருங்கள். மாற்றும் ஒரு மணி நேரம் புதிய பதிவும் கருத்துரையும் வேண்டாம் என்று எழுதுகிறவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

வெளிநாட்டு நிறுவனம் என்றால் ரினீவலில் கவனம் வேண்டும். 2021 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கியின் இ-மேண்டேட் (பணம் தானாக எடுக்க முன்கூட்டித் தரும் ஒப்புதல்) விதி நடைமுறையில் இருப்பதால், மேண்டேட் பதிவாகாத இந்தியக் கார்டில் பணம் தானாகப் போகாது. பணம் போகாவிட்டால் முதலில் முடக்குவார்கள், சில வாரத்தில் தரவை அழிப்பார்கள், அவர்கள் வைத்திருந்த பேக்கப்பும் அதோடு போகும். காலாவதித் தேதிக்கு 20 நாள் முன்பே போனில் நினைவூட்டல் போட்டு, கையால் கட்டுங்கள்.

பழைய ஹோஸ்டிங்கை உடனே ரத்து செய்ய வேண்டாம், ஒரு மாதம் இருக்கட்டும். அங்குள்ள மெயில் பெட்டியில் புதிதாக ஏதும் விழவில்லை, அணுகல் பதிவில் தேடுபொறிகளின் தானியங்கி நிரல்களைத் தவிர யாரும் வரவில்லை என்று உறுதியானதும், கடைசியாக ஒரு முழு பேக்கப் இறக்கி வெளி ஹார்டு டிஸ்கில் போட்டுவிட்டு, கணக்கை மூடலாம்.