லோயர் கேம்பில் இரண்டு நாள்: முதல் கூட்டு ஓட்டப் பயிற்சி

ஏப்ரலில் ஓடத் தொடங்கினேன். கம்பத்தில் எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் பள்ளி மைதானத்தில், விடிவதற்கு முன், தனியாக. நான்கு மாதமாக என் நோட்டில் ஏறக்குறைய ஒரே வரிதான்: 3 கி.மீ., 20 நிமிடம், இரண்டு தடவை நின்றேன். மூச்சு வாங்கும், விலாவில் பிடித்துக்கொள்ளும், நிற்பேன். ஓட்டம் என்றாலே இப்படித்தான் என்று நினைத்திருந்தேன். ரோட்டில் ஓடியதே இல்லை. தெருநாய் ஒரு காரணம், டீக்கடை முன்னால் நிற்பவர்களின் பார்வை இன்னொரு காரணம்.

ரவிக்கை தைக்கக் கொடுக்க வந்த டீச்சர் ஒருவர்தான் இந்தப் பயிற்சியைப் பற்றிச் சொன்னார். ஆகஸ்டில் ஒரு சனி, ஞாயிறு. கம்பம், கூடலூர், குமுளி, வண்டிப்பெரியாறு என்று இரண்டு மாநிலத்திலிருந்தும் 26 பேர் வந்திருந்தோம், அதில் ஒன்பது பேர் பெண்கள். சொல்லிக்கொடுத்தவர் ஓய்வு பெற்ற பி.டி. வாத்தியார்.

சனிக்கிழமை சாயங்காலம் மைதானத்தில் ஓட்டமே இல்லை. கணுக்காலைச் சுழற்றுவது, காலை முன்னும் பின்னும் வீசுவது, முட்டியை உயர்த்திக் குதித்து நடப்பது, இவ்வளவுதான். அசையாமல் நின்று இழுக்கும் ஸ்ட்ரெச்சிங்கை ஓடி முடித்த பிறகு செய்யச் சொன்னார். நான் இத்தனை நாளும் அதைத்தான் முதலில் செய்துகொண்டிருந்தேன்.

அப்புறம் எண்ணச் சொன்னார். வலது கால் 30 நொடியில் எத்தனை முறை தரையில் படுகிறது என்று எண்ணி, நான்கால் பெருக்கினால் ஒரு நிமிடத்துக்கு எத்தனை அடி என்று வந்துவிடும். எனக்கு 37, அதாவது 148. 180 வரவேண்டும் என்று கேள்விப்பட்டிருந்ததால் முகம் வாடிவிட்டது. 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் ஜாக் டேனியல்ஸ் என்ற பயிற்சியாளர் உலகத் தரமான ஓட்டக்காரர்களின் அடிகளை எண்ணியதில் பிறந்த கணக்கு அது என்று வாத்தியார் விளக்கினார். "நம்மளுக்கு இப்ப இருக்கறதுல கொஞ்சம் கூட்டினாப் போதும்மா. காலை எட்டிப் போடாம, உடம்புக்கு நேர்கீழே வைங்க." இதைக் கேட்ட பிறகுதான் எனக்கு மனசு லேசானது.

ஞாயிறு காலை ஐந்தரைக்கு குமுளி மலையடிவாரத்தில் இருக்கும் லோயர் கேம்ப், பென்னிகுயிக் மணிமண்டபம். மெல்லிய சாரல். மேற்கே போய்க்கொண்டிருந்த பெரியாற்றுத் தண்ணீரை 1895இல் முல்லைப் பெரியாறு அணை கட்டி இந்தப் பக்கம் திருப்பிய ஆங்கிலேயப் பொறியாளர்தான் பென்னிகுயிக். அந்தத் தண்ணீர் இன்றும் மலைச்சரிவில் பெரிய குழாய்கள் வழியாக மின் நிலையத்துக்கு இறங்குகிறது. நாங்கள் ஓடிய ரோட்டின் இரண்டு பக்கமும் பச்சைப் பசேல் என்று நின்ற நெல்லுக்கும் அதே தண்ணீர்தான்.

கூடலூர் பக்கம் 3 கி.மீ. போய்த் திரும்ப வேண்டும். விதி ஒன்றுதான்: பக்கத்தில் ஓடுபவரிடம் முழு வாக்கியம் பேச முடியாவிட்டால் வேகம் அதிகம். எனக்கு ஜோடியாக வந்தவர் குமுளிக்கார மலையாளிப் பெண். நான் பழக்கத்தில் விருட்டென்று கிளம்பியதும் கையைப் பிடித்து, "மெல்லெ, சேச்சி, மெல்லெ" என்றார். அவருக்குத் தமிழ் பாதி, எனக்கு மலையாளம் கால்வாசி. பிள்ளைகள், மீன் விலை, ஏலக்காய் விலை என்று பேசிக்கொண்டே போனோம். டீக்கடையைத் தாண்டினோம். எல்லோரும் பார்த்தார்கள், நாங்கள் ஒன்பது பேரும் போய்க்கொண்டே இருந்தோம். 6 கி.மீ., 51 நிமிடம். ஒரு இடத்திலும் நிற்கவில்லை. முடிந்ததும் அழுகை வந்துவிட்டது.

வனப்பகுதி என்பதால் நன்றாக விடிந்த பிறகுதான் குமுளி மலைப்பாதைக்குப் போனோம். 200 மீட்டர் ஏற்றம், ஆறு தடவை. வண்டிப்பெரியாறு தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்க்கும் ஒரு அக்கா எல்லோரையும் முந்திக்கொண்டு போனார். தினமும் சரிவில் நடக்கிற கால். அடி சின்னச் சின்னதாக விழுகிறது, கை மட்டும் வேகமாக வீசுகிறது. "குனிஞ்சு ரோட்டைப் பாக்காத தாயி, வளைவைப் பாரு" என்றார். நிமிர்ந்ததும் மூச்சு தாராளமாக வந்தது.

தவறு இறக்கத்தில் நடந்தது. நடந்துதான் இறங்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். கடைசி இரண்டு தடவை சந்தோஷத்தில் ஓடியே இறங்கினேன். இறக்கத்தில் தொடைத்தசை நீண்டுகொண்டே எடையையும் தாங்க வேண்டியிருப்பதால் அதில் நுண்ணிய சேதம் ஏற்படுமாம். அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. குமுளிக்காரர்கள் கொண்டுவந்த கப்பையையும் (மரவள்ளிக்கிழங்கு) காந்தாரி மிளகாய்ச் சம்மந்தியையும் (துவையல்) ஆசையாகச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். திங்கள் வலித்தது, செவ்வாய் அதைவிட மோசம். தையல் மிஷின் பெடலை மிதிக்கவே முடியவில்லை. இரண்டு ரவிக்கை தள்ளிப்போனது. வியாழன்தான் சரியானது.

அதற்குப் பிந்தைய மூன்று வாரம்: செவ்வாய், வியாழன் மைதானத்தில் 4 கி.மீ. மெதுவாக. ஞாயிறு டீச்சரோடு ரோட்டில். அடி 156 ஆகியிருக்கிறது. போன ஞாயிறு 7 கி.மீ., 60 நிமிடம், நிற்கவில்லை.

இன்னொன்று. பயிற்சிக்கு வந்த பெண்கள் எல்லோருக்கும் ஒரே குறை: ஓடும் பேண்டில் ஜேப்பு கிடையாது, போனும் சாவியும் கையில்தான். என்னுடையதில் இடுப்புப் பட்டிக்குள் பின்பக்கமாக ஒரு ஜேப்பு வைத்துத் தைத்துப் பார்த்தேன். 7 கி.மீ. ஓடியும் போன் ஆடவில்லை. குமுளிக்காரரும் வண்டிப்பெரியாறு அக்காவும் அளவு அனுப்பியிருக்கிறார்கள். அடுத்த பயிற்சிக்குள் தைத்துவிட வேண்டும்.