வாளும் தீப்பந்தும்

கல்லடியில் மச்சான் வீட்டு விறாந்தையில் ஞாயிறுதோறும் டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ் விளையாடுகிறோம்; ஆளுக்கொரு பாத்திரமாகி, பகடை உருட்டிக் கதை வளர்க்கும் விளையாட்டு. கதையை நடத்துவது நான். 2014இல் வந்த விதிப்புத்தகம்தான்.

போன கிழமை எல்லோரும் ஐந்தாம் லெவலுக்கு வந்தார்கள். மந்திரவாதியாக ஆடும் தங்கச்சி தீப்பந்து எறிந்தாள். எட்டு ஆறுமுகப் பகடை, சராசரி 28 சேதம், 20 அடி ஆரத்துக்குள் நின்ற அத்தனை பேருக்கும். வாள்வீரனான மச்சானுக்கு அதே லெவலில் கிடைத்தது ஒரு வெட்டுக்குப் பதில் இரண்டு வெட்டு. பகடையை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே இருந்தான். வெட்ட ஆளே மிச்சமில்லை. பக்கத்தில் பிளேன்டீ ஆறிக்கிடந்தது. அந்த முகம் இரவு முழுக்க என் கண்ணுக்குள்ளேயே நின்றது.

தீப்பந்தைக் குறைக்கத்தான் முதலில் நினைத்தேன். சரியில்லை, அது அவள் உழைத்து வாங்கினது. பிழை என்னில்தான்: ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் பாத்திரங்களைப் படுத்துறங்க விட்டுவிட்டேன், உறங்கி எழும்பினால் தீர்ந்த மந்திரம் திரும்ப வந்துவிடும். ஐந்தாம் லெவலில் ஓய்வில்லாமல் அந்த மந்திரத்தை இரண்டு தரம்தான் எறியலாம். வாள் தீர்ந்துபோவதில்லை.

நேற்று ஓய்வில்லாமல் நான்கு சண்டை வைத்தேன். மூன்றாவதில் தங்கச்சி பின்வாங்கி, மச்சானைப் பார்த்து "அண்ணா, நீங்க முன்னுக்கு நில்லுங்க" என்றாள். மச்சான் கதிரையை விட்டே எழும்பிவிட்டான்!

ஆறாம் லெவலில் அவனுக்கு மட்டும் ஒரு மேம்பாடு வருகிறது, பலம் போன்ற ஒரு எண்ணைக் கூட்டலாம், அல்லது புதுத் திறமை ஒன்று எடுக்கலாம். இருபது லெவலுக்குள் வாள்வீரனுக்கு ஏழு, மந்திரவாதிக்கு ஐந்து. பலத்தை 18இலிருந்து 20 ஆக்குவதா, தனித்திறமை ஒன்று எடுப்பதா? இப்போதே பென்சிலால் எழுதி எழுதி அழிக்கிறான், தாள் ஓட்டையாகப் போகிறது.