நெல்லிக்காய்ச் சாறு: ஐந்து வாரம், ஆறு முறை

நெல்லிக்காயைத் தின்றுவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடித்தால் அந்தத் தண்ணீர் இனிக்கும். எனக்கு வேண்டியது அந்த இனிப்புதான். காயைச் சாறாக அரைத்து, இலையும் மசாலாவும் சேர்த்த பிறகும் அது தங்குமா என்று பார்க்கத்தான் ஐந்து வாரமாக நெல்லிக்காயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு முறை குடித்து முடித்ததும் ஒரு வாய் பச்சைத்தண்ணீர் குடித்து, இனிக்கிறதா இல்லையா என்று நோட்டில் குறித்து வைத்தேன். அந்தக் குறிப்புகளைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

நான் எடுத்தது பெருநெல்லி. அரைநெல்லி வேறு மரம், அதன் புளிப்பும் வேறு. இந்த அளவுகள் அதற்குப் பொருந்தாது.

முதல் முறை

ஆறு காய்களை அரிவாள்மனையில் நறுக்கினேன். கட்டைவிரல் அளவு இஞ்சி, மிளகு பத்து, கறிவேப்பிலை ஒரு கைப்பிடி, புதினா ஒரு கைப்பிடி, சீரகம், மஞ்சள்தூள், இரண்டு ஸ்பூன் தேன். உடம்புக்கு நல்லது என்று கேள்விப்பட்ட எல்லாவற்றையும் ஒரே ஜாரில் போட்டு ஓட்டினேன்.

நறுக்கிய துண்டுகள் மிக்சிக்குப் போவதற்குள்ளேயே ஓரமெல்லாம் கருநீலமாகிவிட்டது. காய் கெட்டுப்போயிருக்குமோ என்று பயந்தேன். காயில் ஒரு குறையும் இல்லை. நெல்லிக்குத் துவர்ப்பைத் தருவது டானின். இரும்பு பட்டால் அது கறுத்துவிடும். டானின் நிறைந்த சாற்றில் இரும்பு உப்பைக் கலந்து எழுதும் மை தயாரித்த காலம் ஒன்று உண்டு. அதே வேலைதான் என் அரிவாள்மனையில் நடந்திருக்கிறது. அன்றிலிருந்து எவர்சில்வர் கத்தி மட்டும்தான்.

அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, "இதுல நெல்லிக்காய் எங்கடி இருக்கு?" என்று கேட்டாள். உண்மைதான். இஞ்சியும் மிளகும் தொண்டையை எரித்தன, மற்றதெல்லாம் அதற்கடியில் புதைந்துபோனது. தண்ணீர் குடித்தேன். இனிக்கவில்லை.

இரண்டாம் முறை

நறுக்குகிற வேலையே வேண்டாம் என்று இட்லிப் பாத்திரத்தில் வைத்துப் பத்து நிமிடம் ஆவியில் வேகவைத்தேன். சுளை சுளையாக அழகாகப் பிரிந்தது, கொட்டை தனியாக வந்தது. ஆனால் பச்சை நெல்லியின் வாசனை போயே போச்சு. ஊறுகாய்க்கு வேகவைக்கிறபோது வருமே, அந்த வாசனைதான் வந்தது. வைட்டமின் சி சூட்டில் அழியக்கூடியது என்பதும் உறுத்தியது. அரைத்ததைச் சாறாக்காமல் தாளித்துத் தொக்காக்கிவிட்டேன்.

மூன்றாம் முறை: வெட்டு, அரைப்பு, வடிகட்டல்

இந்த முறை வேறு எதையும் சேர்க்காமல் வெறும் நெல்லியை மட்டும் ஒழுங்காகச் சாறாக்கக் கற்றுக்கொள்வது என்று முடிவு செய்தேன். இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

காம்புப் பக்கம் மேலே வரும்படி காயைப் பிடித்துக்கொண்டு பாருங்கள். மேலிருந்து கீழாக ஆறு கோடுகள் மங்கலாக ஓடும். கோட்டின் மேல் கத்தி முனையை வைத்து, கொட்டையில் 'டக்' என்று தட்டும் வரை இறக்க வேண்டும். அடுத்த கோட்டிலும் அப்படியே. பிறகு கத்தியை லேசாகத் திருப்பினால், இரண்டு வெட்டுக்கும் நடுவில் இருக்கிற சுளை கொட்டையை விட்டு நெம்பிக்கொண்டு வரும். லேசாக மஞ்சள் ஓடிய முற்றின காயில் இது சுலபம். கரும்பச்சையாக, கல் மாதிரி இருக்கும் காயில் சுளை பாதியில் ஒடிந்து கொட்டையில் ஒட்டிக்கொள்ளும். மூன்று காய் வெட்டுவதற்குள் கை பழகிவிட்டது.

எட்டுக் காய் 310 கிராம் இருந்தது. கொட்டை போகச் சதை மட்டும் 270 கிராம். முக்கால் டம்ளர் குளிர்ந்த தண்ணீர் விட்டு, விட்டு விட்டு ஓட்டினேன். தொடர்ந்து ஓட்டினால் ஜார் சூடாகிறது, சாறு நுரைத்துக் காற்றையும் நிறைய இழுத்துக்கொள்கிறது. வைட்டமின் சி-க்குச் சூடும் ஆகாது, காற்றும் ஆகாது.

டீ வடிகட்டியில் வடித்தால் சாறு மணல் மணலாக நாக்கில் தட்டுகிறது. நனைத்துப் பிழிந்த மெல்லிய பருத்தித் துணியில் ஊற்றி, முதலில் தானாக இறங்க விட்டு, கடைசியில் மட்டும் பிழிந்தேன். ரொம்ப முறுக்கிப் பிழிந்தால் சாறு கலங்கி, துவர்ப்பும் கூடிவிடுகிறது. கிடைத்தது 330 மில்லி, வெளிறின இளம்பச்சை. சக்கையைக் கீழே போடவில்லை. மிளகாய், பெருங்காயம் வறுத்துச் சேர்த்துத் துவையல் அரைத்தாயிற்று.

இந்தச் சாற்றில் 30 மில்லி எடுத்து ஒரு டம்ளர் தண்ணீரில் கலந்து குடித்தேன். கன்னத்தின் உட்பக்கமெல்லாம் இழுத்துப் பிடித்தது. அப்புறம் ஒரு வாய் தண்ணீர். நாக்கின் அடியிலிருந்து மெதுவாக இனிப்பு கிளம்பி வந்தது. நோட்டில் இரண்டு கோடு போட்டு அடிக்கோடிட்டேன்.

நான்காம் முறை: ஒன்று ஒன்றாக

ஏழு சின்ன டம்ளர்களை வரிசையாக வைத்து, எல்லாவற்றிலும் ஒரே அளவு நெல்லிச் சாறும் தண்ணீரும் ஊற்றி, ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு பொருளை மட்டும் கலந்து பார்த்தேன். ஐந்து வாரத்தில் அதிகம் கற்றுக்கொண்டது இந்த ஒரு மணி நேரத்தில்தான்.

இஞ்சி நன்றாகப் பொருந்துகிறது, ஆனால் அளவு கறாராக இருக்க வேண்டும். துருவிப் பிழிந்த சாற்றைப் பத்து நிமிடம் அசைக்காமல் வைத்தால் அடியில் வெள்ளையாக மாவு படியும். மேலே தெளிந்ததை மட்டும் எடுத்தால் கரகரப்பு இல்லை. ஒரு டம்ளருக்கு அரை ஸ்பூனுக்கு மேல் போனால் காரம்தான் தெரிகிறது.

கறிவேப்பிலை எனக்கு ஆச்சரியம். நெல்லியின் துவர்ப்பும் கறிவேப்பிலையின் லேசான கசப்பும் ஒன்றோடொன்று சண்டை போடவில்லை. சாறு கண்ணைப் பறிக்கும் பச்சையாக இருந்தது. ஆனால் கொஞ்ச நேரத்தில் அந்தப் பச்சை மங்கிப் பாசி நிறத்துக்கு வந்துவிடும். புளிப்பு பட்டால் பச்சையத்தில் இருக்கிற மெக்னீசியம் கழன்றுவிடுகிறது, அதனால்தான் இந்த நிறமாற்றம். சுவையில் ஒன்றும் குறையவில்லை. நிறம் வேண்டுமென்றால் இலையைக் குடிக்கிற நேரத்தில் அரைத்துச் சேர்க்க வேண்டியதுதான்.

புதினா தனியாக நன்றாக இருந்தது. ஆனால் வாயைக் குளிர வைத்துவிடுவதால் பின்னால் வருகிற இனிப்பு சரியாகத் தெரியவில்லை. கொத்தமல்லித்தழை ரசம் நினைவைக் கொண்டுவந்தது, வேண்டாம் என்று விட்டேன். மஞ்சள் பச்சை வாடை அடித்தது. சீரகத்தை வெறும் சட்டியில் வாசம் வரும் வரை வறுத்துப் பொடித்துப் போட்டால்தான் எடுபடுகிறது. மிளகைக் கொரகொரப்பாக இடித்து, குடிக்கும்போது ஒரு சிட்டிகை மேலே தூவினால் போதும். அரைத்துச் சேர்த்தால் நேரம் ஆக ஆகக் காரம் ஏறிக்கொண்டே போகிறது.

எட்டாவதாக ஒரு டம்ளரில் தேன் மட்டும் கலந்து பார்த்தேன். குடிக்க எல்லாவற்றையும்விட இதமாக இருந்தது. ஆனால் பிறகு குடித்த தண்ணீர் வெறும் தண்ணீராகவே இருந்தது. முன்னால் இனிப்பு வந்துவிட்டால் பின்னால் வருகிற இனிப்பை நாக்கு கண்டுகொள்வதில்லை போலிருக்கிறது. நான் தேனை விட்டுவிட்டேன். வீட்டுக் குழந்தைகளுக்குக் கலந்து கொடுக்கிறவர்கள் தாராளமாகத் தேன் சேர்க்கலாம், ஒரு வயது நிறையாத குழந்தைக்கு மட்டும் தேன் கூடவே கூடாது. தேனுக்குப் பதிலாக ஒரு சிட்டிகை இந்துப்பு போட்டேன். உப்பு கசப்பை அடக்கும், அந்தப் பின்னினிப்பை அது தடுக்கவும் இல்லை.

ஐந்தாம் முறை: மோர்

இது திட்டமிட்டுச் செய்ததில்லை. தங்கைக்குத் துவர்ப்பு ஆகவே ஆகாது. மதியம் மோர் குடித்துக்கொண்டிருந்தவள், "அக்கா, இதுல கொஞ்சம் ஊத்து பாப்போம்" என்று டம்ளரை நீட்டினாள். ஊற்றினேன். துவர்ப்பு பாதிக்கு மேல் காணவில்லை!

துவர்ப்பு என்பது உண்மையில் ஒரு உணர்வு. டானின் நம் எச்சிலில் இருக்கிற புரதத்தைப் பிடித்துக்கொள்வதால் வாய் வழவழப்பை இழந்து இழுக்கிறது. மோரில் பால் புரதம் இருக்கிறது. டானின் வாய்க்குப் போவதற்கு முன்பே டம்ளரிலேயே அதைப் பிடித்துக்கொள்கிறது. கட்டன் சாயாவைவிடப் பால் டீ துவர்ப்புக் குறைவாக இருப்பதும் இதனால்தான். பாலில் நெல்லிச் சாற்றை ஊற்றினால் திரிந்துவிடும். மோர் ஏற்கனவே புளித்தது என்பதால் அந்தக் கவலை இல்லை. கறிவேப்பிலை, இஞ்சி, வறுத்த சீரகம், இந்துப்பு எல்லாம் மோருக்கும் சொந்தக்காரர்கள்தானே, அப்படியே ஒட்டிக்கொண்டன.

தண்ணீர் இனிப்பது இதில் குறைவு. ஆனாலும் துவர்ப்புப் பிடிக்காதவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

இடையில் ஒன்று

இரண்டு நாள் காலையில் வெறும் வயிற்றில் குடித்தேன். நெஞ்சு எரிந்தது. பலருக்கு ஒத்துக்கொள்ளலாம், எனக்கு இல்லை. இப்போது சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துத்தான் குடிக்கிறேன். புளிப்பு பல் எனாமலுக்கு ஆகாது என்பதால் குடித்ததும் வாய் கொப்பளிக்கிறேன், உடனே பல் தேய்ப்பதில்லை. சர்க்கரை நோய்க்கோ ரத்தம் உறையாமல் இருக்கவோ மாத்திரை எடுப்பவர்களும், சிறுநீரகக் கல் வந்தவர்களும் தினமும் குடிக்கத் தொடங்குவதற்கு முன் மருத்துவரைக் கேட்டுவிடுங்கள். அப்பாவுக்குச் சர்க்கரை மாத்திரை உண்டு. கேட்ட பிறகுதான் அவருக்குக் கொடுத்தேன்.

ஆறாம் முறை: சேமிப்பு

தினமும் வெட்டி அரைக்க நேரம் கிடைப்பதில்லை. கண்ணாடி பாட்டிலில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்த சாறு இரண்டாம் நாள் பழுப்பேறியது, மூன்றாம் நாள் வாசனை மங்கியது. செம்புப் பாத்திரம் வேண்டவே வேண்டாம், செம்பு பட்டால் வைட்டமின் சி இன்னும் வேகமாக அழியும்.

அதனால் இப்போது ஐஸ் ட்ரேதான். நெல்லிச் சாற்றில் தெளிந்த இஞ்சிச் சாற்றை மட்டும் கலந்து, குழிகளில் ஊற்றி உறைய வைக்கிறேன். உறைந்ததும் கட்டிகளை மூடி போட்ட டப்பாவுக்கு மாற்றிவிடுவேன், இல்லாவிட்டால் ஃப்ரீசரில் இருக்கிற எல்லா வாடையும் அதில் ஏறிவிடும். என் ட்ரேயில் ஒரு கட்டி ஏறக்குறைய 20 மில்லி. ஒரு டம்ளர் தண்ணீருக்கு ஒன்றரைக் கட்டி சரியாக இருக்கிறது. கட்டி கரைகிற நேரத்தில் ஆறேழு கறிவேப்பிலையை இடிகல்லில் நசுக்கிப் போட்டு, சீரகப்பொடி, இந்துப்பு, மிளகு ஆளுக்கொரு சிட்டிகை. வடிகட்டிக் குடிக்கலாம், அப்படியேயும் குடிக்கலாம்.

இருபது நாள் ஆன கட்டியை நேற்று கரைத்துக் குடித்தேன். புதிதாகப் பிழிந்த சாற்றின் கூர்மை கொஞ்சம் குறைந்திருந்தது. அம்மாவும் ஒரு டம்ளர் குடித்துவிட்டுச் சொம்பிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ம்... வருது" என்றாள். டப்பாவில் இன்னும் நான்கு கட்டிதான் இருக்கிறது. அடுத்த முறைக்கு ஒரு கிலோ காய் வாங்கி வைத்திருக்கிறேன், இஞ்சியைப் பாதியாக்கிப் பார்க்க வேண்டும்.