திகதி தள்ளிப் போகிறது

2019 மார்ச் 12
பிரித்தானியப் பிரதமர் தெரேசா மேக்குக் குரலே இல்லை. நேற்று இரவு ஸ்ட்ராஸ்பர்க் போய், ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறும் பிரெக்சிட் ஒப்பந்தத்தில் சட்டப்படி செல்லும் மாற்றங்களை வாங்கிவிட்டேன் என்றார். விடிந்ததும் அவருடைய சட்டமா அதிபரே, சட்ட ஆபத்து அப்படியேதான் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். நாடாளுமன்றத்தில் ஒப்பந்தத்துக்கு ஆதரவு 242, எதிர்ப்பு 391. இரண்டாவது தோல்வி.
"பாவம், தொண்டை கட்டிப்போச்சு. கொத்தமல்லி அவிச்சுக் குடிக்கலாம்" என்கிறார் அம்மா.

மார்ச் 14
பிரெக்சிட் அமைச்சர் பார்க்லே, வெளியேறும் திகதியைத் தள்ளிப்போடும் அரசின் தீர்மானத்தை ஆதரித்துப் பேசினார். நாட்டு நலன் என்றார். பேசி முடித்துப் போய் அதற்கு எதிராக வாக்களித்தார்!

மார்ச் 17
நித்திரை இல்லை. போன செப்டம்பரில் இதே மே, இங்கே வாழும் எங்களைப் போன்ற ஐரோப்பியக் குடிமக்களிடம், ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் உங்கள் உரிமை போகாது, நீங்கள் இங்கேயே இருக்க வேண்டும் என்றார். நவம்பரில் தொழிலதிபர்கள் முன்னால், சிட்னி பொறியியலாளரையும் டெல்லி மென்பொருள்காரரையும் முந்திக்கொண்டு ஐரோப்பியர் வரிசையில் நுழைய முடியாது என்றார். பிறகு அந்தப் பேச்சுக்கு வருந்தினார். ஜனவரியில், தொடர்ந்து இங்கே இருக்க விண்ணப்பிப்பதற்கான 65 பவுண் கட்டணம் வேண்டாம் என்றார். இதில் எதைப் பிடித்துக்கொள்வது?
விண்ணப்பத்துக்கு எனக்கு வரிக்கணக்கு இருக்கிறது, கணினியே பார்த்துக்கொள்ளும். அம்மாவிடம் டச்சு பாஸ்போர்ட்டை விட்டால் என்ன இருக்கிறது? சம்பளம் இல்லை. பில் எல்லாம் என் பெயரில். ஐந்து வருடம் இங்கே இருந்தார் என்று எதைக் காட்டுவது? ஜிபியின் (குடும்ப வைத்தியரின்) கடிதங்கள் எங்கேயோ இருக்க வேண்டும்.

மார்ச் 20
மே, மதியம்: ஜூன் 30ஐத் தாண்ட, பிரதமராக நான் தயாரில்லை.
இரவு, டவுனிங் தெருவிலிருந்து: மக்களே, நான் உங்கள் பக்கம், எம்பிக்கள்தான் முடிவெடுக்காமல் இருக்கிறார்கள்.
அந்த மக்களில் அம்மாவும் சேர்த்தியா? 2016 பிரெக்சிட் வாக்கெடுப்பில் எங்களுக்கு வாக்கே இல்லை.

மார்ச் 23
மறுபடியும் மக்கள் வாக்கெடுப்பு வேண்டுமென்று நகரத்தில் பெரிய ஊர்வலம். எனக்கு வேலை.

மார்ச் 29
வெளியேறியே தீருவோம் என்று சொல்லிச் சொல்லி வைத்திருந்த நாள். வெளியேறவில்லை. 286க்கு 344, மூன்றாவது தோல்வி. இந்த ஒப்பந்தத்தால் அடிமை நாடாகிவிடுவோம் என்ற போரிஸ் ஜோன்சன் இன்று ஆதரவாக வாக்களித்திருக்கிறார். இது நிறைவேறினால் பதவி விலகுவேன் என்று மே புதன்கிழமைதான் சொன்னார். ஒப்பந்தத்தில் ஒரு வரி மாறவில்லை.
வரிசையாம், வரிசை.

மார்ச் 30
விண்ணப்பம் எல்லோருக்கும் திறந்துவிட்டது. ஐபோன் பாஸ்போர்ட்டை வாசிக்காதாம். தம்பியின் அண்ட்ராய்ட் வேண்டும்.

ஏப்ரல் 2
ஏழு மணித்தியாலம் அமைச்சரவைக் கூட்டம். முடிவில், நாடாளுமன்றத்தில் புதன்தோறும் போட்டு வாங்குகிற எதிர்க்கட்சித் தலைவர் கோர்பினோடு உட்கார்ந்து பேசப்போகிறாராம் மே. ஐரோப்பாவோடு சுங்க ஒன்றியம் கூடவே கூடாது என்றிருந்தவர். இனி என்ன சொல்வாரோ.
"எங்களை அனுப்பிப்போடுவினமோ?"
இல்லையம்மா என்றேன். எந்தத் துணிவில் சொன்னேனோ.

ஏப்ரல் 11
புதிய திகதி ஒக்டோபர் 31. ஜூன் 30ஐத் தாண்டத் தயாரில்லை என்றது என்னாயிற்று? நேரத்தை வீணாக்காதீர்கள் என்கிறார் ஐரோப்பிய கவுன்சில் தலைவர் டொனால்ட் டஸ்க்.
அம்மாவுக்குக் கூடுதல் சான்று கேட்டு மின்னஞ்சல் வந்திருக்கிறது. ஜிபிக்கு நாளை காலை எட்டு மணிக்கே போன் எடுக்க வேண்டும், பிந்தினால் லைன் கிடைக்காது.