ரிங் போய்விட்டதா, இல்லையா: தண்ணீர் டியூப் வைத்துப் பார்த்த கதை

வண்டி ஒரு பழைய ஜீப். 2.5 லிட்டர், நாலு சிலிண்டர், காமன் ரெயில் டர்போ டீசல், 2 லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியாச்சு. பிரச்சினை ஆயில் ஒழுகல், அதுவும் ஓரிடத்தில் இல்லை. டேப்பட் கவர் (இன்ஜினின் மேல் மூடி) ஓரம், கிராங்க் ஷாஃப்டின் முன் சீல், பின் சீல், டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கு (காற்றைக் குளிர்விக்கும் பாகம்) போகும் ஹோஸின் மூட்டு என்று தொட்ட இடமெல்லாம் ஈரம். பின் சீல் போன வருடம்தான் கியர்பாக்ஸ் இறக்கி மாற்றியது. போதாததற்கு ஏற்காடு ஏறிவிட்டு வந்து பானெட்டைத் திறந்தால் ஆயில் மட்டம் பார்க்கும் டிப் ஸ்டிக் குழாயை விட்டு ஒரு விரற்கடை மேலே எழும்பி நிற்கிறது.

மெக்கானிக் அண்ணன் ஆயில் மூடியைக் கழற்றி, இன்ஜின் ஓடும்போதே துளை மேல் தலைகீழாக வைத்தார். மூடி குதித்தது, புகையும் வந்தது. "பேக் கம்ப்ரஷன் அடிக்குது தம்பி, ரிங் முடிஞ்சுபோச்சு. இன்ஜினை இறக்கிடலாம்" என்றார். அதாவது பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் தேய்ந்து, மேலே எரியும் வாயு கீழே கிராங்கும் ஆயிலும் இருக்கும் சேம்பருக்குள் இறங்குகிறது என்று அர்த்தம். அனுபவஸ்தர், அவர் சொல்வது பல வண்டிகளில் சரியாகவே இருக்கும். ஆனால் டீசலில் மூடியைத் திறந்தால் கொஞ்சம் காற்று வரத்தான் செய்யும், எவ்வளவு வந்தால் அதிகம் என்பதை மூடி சொல்லாது. தவிர, சேம்பருக்குள் காற்று வர ரிங் மட்டும்தான் வழி என்றில்லை.

முதலில் ஒழுகல் எங்கே தொடங்குகிறது என்று பார்த்தேன். இன்ஜினை டீசல் விட்டுக் கழுவி, பனியன் வேஸ்ட்டால் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் சந்தேகப்பட்ட இடங்களிலெல்லாம் முகப் பவுடர் தூவி ஓட்டினேன். கீழே சொட்டும் இடத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம், வெள்ளைப் பவுடரில் ஆயில் எந்தக் கோட்டிலிருந்து இறங்குகிறது என்று பளிச்சென்று தெரியும். டேப்பட் கவர், முன் சீல், பின் சீல் மூன்றிலும் தனித்தனியாகத் தொடங்கியிருந்தது. மூன்று சீலும் ஒரே சமயத்தில் கெடுவது அபூர்வம், உள்ளே அழுத்தம் ஏறித் தள்ளுகிறது என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

அளப்பதற்கு பூஸ்ட் (டர்போ காற்றழுத்தம்) கேஜ் உதவாது. இங்கே பேசும் அழுத்தம் தண்ணீர் மட்டத்தில் சில பத்து மில்லிமீட்டர், 100 மி.மீ. தண்ணீர் என்றால் பாரில் நூறில் ஒரு பங்குதான். முள் அசையவே அசையாது. கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் ட்யூபில் ரெண்டு மீட்டர் வாங்கி, ஒரு பலகையில் U வடிவில் கட்டி, நடுவில் பள்ளிக்கூட ஸ்கேல் ஒட்டி, பாதி உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றினேன். தண்ணீர் கண்ணுக்குத் தெரிய ரெண்டு சொட்டு நீலம். ஒரு முனை டிப் ஸ்டிக் குழாயில், மறுமுனை திறந்த காற்றில். இன்ஜின் துடிப்புக்கு நீர்மட்டம் துள்ளிக்கொண்டே இருந்ததால் இடையில் மீன் தொட்டியின் காற்றுக் குழாயில் போடும் சின்ன வால்வை வைத்து இறுக்கியதும் நின்றது. படிக்கும்போது ஒரு விஷயம்: ஒரு பக்கம் 20 இறங்கினால் மறுபக்கம் 20 ஏறும், அழுத்தம் 40. ரெண்டு மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் கணக்கு.

சூடான இன்ஜினில் ஐட்லிங்கில் 35 மி.மீ., நின்ற இடத்தில் 3000 ஆர்பிஎம் ரேஸ் கொடுத்தால் 60. ஆனால் சும்மா ரேஸ் கொடுத்தால் டர்போ பெரிதாகப் பூஸ்ட் கட்டாது, லோடு வேண்டும். அதனால் ட்யூபை நீட்டி ஜன்னல் வழியாக உள்ளே கொண்டுவந்து மச்சானை மடியில் பலகையோடு உட்கார வைத்து ஏற்காடு ரோட்டில் ஏற்றினேன். பலகையை வண்டிக்குக் குறுக்காகப் பிடிக்க வேண்டும், நீளவாக்கில் பிடித்தால் மலைச் சரிவே அழுத்தம் மாதிரி காட்டும். கொண்டை ஊசி வளைவில் தண்ணீர் ஆடும் என்பதால் நேர் ஏற்றத்தில் மட்டும் படித்தோம். மூன்றாவது கியரில் முழு மிதியில் "190 மச்சான், இன்னும் ஏறுது" என்றான்.

இந்த வகை இன்ஜினில் சேம்பரின் காற்றை வெளியேற்றும் பிரீதர் ஹோஸ் டர்போவின் உறிஞ்சும் பக்கத்தில் சேர்கிறது. அங்கே எப்போதும் லேசான இழுவை இருப்பதால் எல்லாம் நல்லபடியாக இருந்தால் ஐட்லிங்கில் பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். சரியான வரம்பு இன்ஜினுக்கு இன்ஜின் மாறும், அதற்கு மேனுவல்தான். ஆனால் 190 எந்தக் கணக்கிலும் நல்ல எண் இல்லை.

அப்புறம் ஒவ்வொரு வழியாக அடைத்துப் பார்க்கும் வேலை.

பிரீதரும் அதன் ஆயில் பிரிப்பானும்: உள்ளே கறுப்புக் கூழ். கழுவிப் போட்டதும் ஐட்லிங்கில் 35 இருந்தது 28 ஆனது. குறைந்தது, ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை.

அடுத்தது பிரேக் வேக்கம் பம்ப். இதை யாரும் யோசிப்பதே இல்லை என்பதுதான் என் ஆதங்கம். டீசலில் பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வெற்றிடத்தைத் தனிப் பம்ப் உண்டாக்குகிறது. என் வண்டியில் அது ஆல்டர்னேட்டரின் முதுகில், இன்ஜின் ஆயிலிலேயே ஓடுகிறது. உறிஞ்சிய காற்றை எங்கே விடும்? ஆயிலோடு சேர்த்து சேம்பருக்குள்தான். வேக்கம் லைன் இறுக்கமாக இருந்தால் பூஸ்டர் நிறைந்ததும் பம்புக்கு உறிஞ்சக் காற்று இருக்காது. லைனில் எங்காவது கசிந்தால் வெளிக்காற்றை இழுத்து இழுத்து நாள் முழுக்க சேம்பருக்குள் தள்ளிக்கொண்டே இருக்கும். யோசித்துப் பார்த்தால் அறிகுறி முன்பே இருந்தது: இன்ஜினை நிறுத்தியபின் ரெண்டு மூன்று மிதிக்காவது பெடல் மெத்தென்று இருக்க வேண்டும், இதில் முதல் மிதியிலேயே கல்லாகிவிடும். சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, பம்பின் ஹோஸைப் பிடுங்கி பம்ப் வாயை ரப்பர் மூடியால் அடைத்தேன். (இந்த நிலையில் வண்டியை நகர்த்தவே கூடாது, பூஸ்டர் உதவி இல்லாமல் பிரேக் சரியாகப் பிடிக்காது.) நீலத் தண்ணீர் கண்ணெதிரே இறங்கி 9-இல் நின்றது.

கசிவு இருந்தது ஈஜிஆர் (எக்ஸாஸ்ட் வாயுவில் கொஞ்சத்தை மறுபடி இன்ஜினுக்குள் அனுப்பும் அமைப்பு) சோலினாய்டுக்குப் பிரியும் T மூட்டில், ஹோஸின் அடிப்பக்கம் வெடித்திருந்தது. ஹோஸ் விலை ஒரு சாப்பாட்டுக் காசுகூட இல்லை.

டர்போவும் சந்தேகப் பட்டியலில் இருந்தது, ஏனென்றால் டர்பைன் பக்கம் தேய்ந்தால் எக்ஸாஸ்ட் வாயு ஆயில் ரிடர்ன் குழாய் வழியாக சேம்பருக்கு வரும். ரிடர்ன் குழாயை பிளாக்கிலிருந்து கழற்றி ஒரு டப்பாவுக்குள் விட்டு, பிளாக்கின் துளையை அடைத்துக் கொஞ்ச நேரம் ஓட்டிப் பார்த்ததில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆயில் வேகமாகக் கொட்டும், அதிகம் ஓட்ட வேண்டாம். ஷாஃப்ட் பக்கவாட்டில் லேசாக ஆடியது, ஆயில் படலத்துக்காக அந்த இடைவெளி இருக்கத்தான் வேண்டும். முன்பின் ஆட்டம் கைக்குத் தெரியவில்லை. ஆனால் ரிடர்ன் குழாயின் பேக்கிங்கில் முன்பு யாரோ அள்ளிப் பூசிய சிலிக்கான் உள்பக்கம் பிதுங்கி, துளையில் பாதியை அடைத்திருந்தது. டர்போவிலிருந்து ஆயில் தானாக வடிந்துதான் இறங்க வேண்டும், அதைத் தள்ள எதுவும் கிடையாது. டர்போவின் சீல் ரப்பர் உதடு இல்லை, பிஸ்டன் ரிங் மாதிரி ஒரு வளையம். கீழே வடியாமல் ஆயில் தேங்கினால் அது தாங்காது, கம்ப்ரசர் பக்கம் தள்ளிவிடும். சேம்பரில் அழுத்தம் இருந்தாலும் இதே கதைதான். இன்டர்கூலர் ஹோஸில் ஆயிலைப் பார்த்ததும் டர்போவை மாற்றச் சொல்வது இதனால்தான் பல நேரம் வீண் செலவாகிறது.

இன்டர்கூலரைக் கழற்றிக் கவிழ்த்தால் ஒரு டம்ளர் ஆயில் வந்தது. இதை விட்டுவைக்கக் கூடாது. டீசல் இன்ஜின் அந்த ஆயிலையே எரித்து ஓடத் தொடங்கினால் சாவியைத் திருப்பினாலும் நிற்காது.

டர்போ பெட்ரோல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி: அங்கே மேனிஃபோல்டுக்குப் போகும் பிரீதர் லைனில் ஒருவழி வால்வு இருக்கும், அது பழுதானால் பூஸ்டே சேம்பருக்குள் வரும். கழற்றி ரெண்டு பக்கமும் வாயால் ஊதினாலே தெரிந்துவிடும். மாறாக பிரீதர் வால்வின் டயஃப்ரம் (ரப்பர் சவ்வு) கிழிந்தால் உள்ளே இழுவை அதிகமாகி, ஐட்லிங்கில் ஆயில் மூடியைக் கழற்றவே சிரமமாக இருக்கும், விசில் சத்தமும் கேட்கும்.

கடைசியாக க்ளோ பிளக் (சிலிண்டரைச் சூடாக்கும் பிளக்) துளை வழியாகக் கம்ப்ரஷன் பார்த்தேன்: 27, 26, 23, 27 பார். மூன்றாவது சிலிண்டரில் காற்று ஏற்றினால் ஆயில் துளையில் உஸ்ஸென்று கேட்கிறது, ஆக அண்ணன் சொன்னதிலும் உண்மை இருக்கிறது, அந்த ஒரு ரிங் தேய ஆரம்பித்துவிட்டது. ஆனால் எல்லாம் மாட்டியபின் ஐட்லிங்கில் 8, அதே ஏற்றத்தில் அதே கியரில் 65. டிப் ஸ்டிக் எழும்பவில்லை. டேப்பட் கவருக்குப் புதுப் பேக்கிங் போட்டேன், முன் சீல் தானாகவே காய்ந்துவிட்டது. பின் சீல் மட்டும் இன்னும் லேசாக ஈரம், அழுத்தத்தில் உதடு மடங்கியிருக்கலாம். சொட்டு தரையில் விழாத வரை கிளட்ச் மாற்றும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். மூன்றாவது சிலிண்டரை அடுத்த ஆயில் மாற்றும்போது மறுபடி அளந்து, 23-க்குக் கீழே போயிருந்தால் அண்ணனிடம் இன்ஜினை இறக்கச் சொல்வதாக இருக்கிறேன்.