யேல் என்ற பெயரைத் தேடி

போன மாதம் தொடங்கிய தேடல் இந்த வாரம்தான் ஒரு வழிக்கு வந்தது.

சென்னைக் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி ஆலயத்தின் திருமணப் பதிவேட்டில் முதல் மணமகன் எலிஹு யேல். 1680 நவம்பர் 4. ஆலயம் திறந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. பின்னால் சென்னையின் ஆளுநரானவர், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்தவர். எனக்கு ஆளைவிட அந்தப் பெயர்தான் மனதில் நின்றது. பிரிட்டனில் அரிதான குடும்பப் பெயர் அது. எங்கிருந்து வந்தது?

இங்கிலாந்து ஊர்ப்பெயர்களில் தேடித் தேடி இரண்டு வாரம் போனது, ஒன்றும் சிக்கவில்லை. அப்புறம்தான் வேல்ஸ் பக்கம் திரும்பினேன். அங்கே அது யேல் இல்லை, ‘யால்’! ஆங்கில ஐ-யில் தொடங்கி, அடுத்த எழுத்தின் தலையில் சின்னக் கூரை போட்டு எழுதுகிறார்கள். வடகிழக்கு வேல்ஸில் டென்பிஷயர் மேட்டுநிலத்தில் இருந்த பழைய நாட்டுப்பிரிவு அது. லனார்மன்-அன்-யால் என்ற ஊரில் இன்னும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வரைபடத்தில் அதைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

சரி, ஊர்ப்பெயர் எப்படிக் குடும்பப் பெயரானது? வெல்ஷ்காரர்களுக்கு அதுவரை அப்பா பெயர்தான், நம்ம இனிஷியல் மாதிரி. ‘அப்’ என்றால் மகன். தலைமுறைக்குத் தலைமுறை பெயர் மாறும். 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலச் சட்டமும் நிர்வாகமும் நிலையான குடும்பப் பெயரை எதிர்பார்த்தபோது, பெரும்பாலோர் அப்பா பெயரையே உறையவைத்தார்கள்: அப் ரீஸ் ‘ப்ரைஸ்’ ஆனது, அப் ஹவெல் ‘பவல்’ ஆனது. ஊர்ப்பெயரை எடுத்தவர்கள் குறைவு. யேல் அரிதாக இருப்பதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

குடும்ப மரத்தில் அந்த மாற்றம் நடந்த இடத்தையே பார்க்க முடிகிறது. பிளாஸ் அன் யால் வீட்டைச் சேர்ந்த தாமஸ் யேல், 1577இல் இறந்த சட்ட அறிஞர். அவர் அப்பா பெயரோ டேவிட் லாய்ட் அப் எல்லிஸ். அப்பாவிடம் யேல் இல்லை, மகனிடம் இருக்கிறது. அந்த இரண்டு வரியையும் நோட்டில் அடுத்தடுத்து எழுதி வைத்திருக்கிறேன்.

எலிஹுவின் மகன் டேவிட் சிறு வயதிலேயே சென்னையில் இறந்தான். கல்லறை உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது. தாத்தாவின் பெயரைத்தான் அவனுக்கு வைத்திருக்கிறார்கள். பழைய வழக்கம் தொடர்ந்திருந்தால் அவன் டேவிட் அப் எலிஹு.